கம்பி பொது, கணக்கு நமது

மாநிலத் தலைமையகத்தையும் மாவட்ட, வட்ட, ஒன்றிய அலுவலகங்களையும் கோக்க, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பை நடத்துகிறது. காளையார்கோவிலில் ஒரு கிளையும் காரைக்குடியில் தலைமைக் கடையும் வைத்திருக்கும் வணிகருக்கு அப்படியொரு தனிப்பாதை கிடையாது. அவரிடம் இருப்பது மாதக் கட்டண பிராட்பேண்ட் மட்டுமே. அந்தப் பொதுப் பாதையிலேயே கிளைகளைப் பத்திரமாக இணைத்துவிட முடியும். ஆனால் அந்தப் பத்திரம் கம்பியின் தரத்தில் இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது, அதைக்கொண்டு எதுவரை போகலாம் என்பதில்தான் இருக்கிறது.

இதற்கான முறை வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனி வலையமைப்பு. இரு கிளைகளின் ரவுட்டர்களும் முதலில் சாவிகளைக்கொண்டு ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. பிறகு தகவலை மறையாக்கம் செய்தே வெளியே அனுப்புகின்றன. இணைய நிறுவனத்துக்கு யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு மென்பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை இரண்டு: தலைமை அலுவலகத்துக்கு மாறாத பொது ஐ.பி. முகவரி கேட்டு வாங்க வேண்டும்; ஒவ்வொரு கிளைக்கும் வெவ்வேறு உள் முகவரி வரிசை தர வேண்டும். இரண்டு இடத்திலும் 192.168.1 என்றே விட்டால் தகவல் வழி தெரியாமல் நின்றுவிடும்.

வாடகைத் தனிவழியே பாதுகாப்பு என்பார்கள் சிலர். அது தருவது உறுதியான வேகம். மறையாக்கம் அதனோடு தானாக வந்துவிடுவதில்லை. பிராட்பேண்ட் அடிக்கடி அறுந்துபோகுமே என்பது நியாயமான கவலை. மாற்றாக ஒரு சிம் இணைப்பை ரவுட்டரில் வைத்தால் பெருமளவு தீரும். கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரே திறந்துவிட்டால் போதாதா என்ற யோசனையை மட்டும் ஏற்கவே கூடாது. கணினியை முடக்கிப் பிணைத்தொகை கேட்கும் கும்பல்கள் நுழைவதற்கு அதுவே வழக்கமான வழி.

வி.பி.என். போட்டதோடு வேலை முடிவதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனம் முடங்கியது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கின் கடவுச்சொல் திருடர் கைக்குப் போனதால்தான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அந்தக் கணக்குக்கு இல்லை. மறையாக்கம் வழியைக் காத்தது; வாசலைக் காக்க ஆளில்லை. செட்டிநாட்டு வீட்டில் வளவு என்னும் முற்றம் பொதுவானாலும் புள்ளி எனப்படும் மணமான குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. வலையமைப்பும் அப்படியே இருக்கட்டும்: கிளையின் பில்லிங் கணினி கணக்கு சர்வரை மட்டும் தொடட்டும், கேமராவும் சம்பளப் பட்டியலும் அதற்கு எட்ட வேண்டாம். வேலையை விட்டவரின் சாவியை அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டாம், பொறுப்பாக ஒருவர் வேண்டும். சிற்றூர் வணிகர் முதலில் செய்ய வேண்டியது அந்த ஒருவரை நியமிப்பதே.