வலிக்காமல் வளரும் வளைவு

இரண்டு வயதுக் குழந்தையின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கும்போது குழந்தை அழுவதில்லை. வலி கிடையாது. ஓடும், விளையாடும், வேளாவேளைக்குச் சாப்பிடும். ஒரு தோள் மட்டும் சற்றே ஏறியிருக்கும். கைகளைத் தொங்கவிட்டு நின்றால் இடுப்புக்கும் கைக்கும் நடுவிலுள்ள சந்து ஒரு பக்கம் அகலமாகத் தெரியும். பெண் குழந்தைக்குப் பாவாடை கட்டினால் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். நாடா சரியாக இல்லை என்று இழுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்தப் பக்க வளைவில் பெற்றோர் கைநழுவ விடுவது இப்படிப்பட்ட மாதங்களைத்தான்.

அந்த மாதங்களுக்கு என்ன விலை என்பது மின் மேத்தாவின் ஆய்வில் இருக்கிறது. லண்டனை ஒட்டிய ஸ்டான்மோரில் உள்ள ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் அவர். நான்கு வயதுக்குள் சிகிச்சை பெற்ற 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005-ல் முடிவுகளை வெளியிட்டார். அத்தனை பேருக்கும் இருந்தது நாளுக்கு நாள் கூடும் வகை வளைவு. சிகிச்சையும் ஒன்றேதான்: உடம்பை நீட்டி, முறுக்கைத் திருப்பி, அந்த நிலையிலேயே மார்பையும் வயிற்றையும் சுற்றி மாவுக்கட்டு போடுவது, குழந்தை வளர வளர அதைக் கழற்றிப் புதுக்கட்டு போடுவது. சராசரியாக 1 வயது 7 மாதத்தில் சிகிச்சைக்கு வந்த 94 குழந்தைகளுக்குச் சராசரி மூன்றரை வயதில் வளைவு நீங்கிவிட்டது. அதன்பின் அவர்களுக்குச் சிகிச்சையே தேவைப்படவில்லை. சராசரியாக இரண்டரை வயதில் வந்த 42 பேருக்கு அதே கட்டு வளைவைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை. அதற்குள் அவர்களுடைய வளைவு பெரிதாகியிருந்தது. அவர்களில் 15 பேருக்குப் பிற்பாடு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சராசரியாகப் பதினொரு மாதம்தான் வித்தியாசம்.

காரணம் வளர்ச்சி. முதல் ஐந்து ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. வேகமாக வளரும் தண்டை நேரான நிலையில் பிடித்து வைத்தால் அந்த வளர்ச்சியே அதை நேராக்கும். விட்டுவிட்டால் அதே வளர்ச்சி இன்னும் வளைக்கும். நுரையீரலின் காற்றறைகள் பெருகுவதும் இந்த வயதில்தான். மார்புக்கூடு திருகிச் சுருங்கினால் அவை விரிய இடமிருக்காது. சின்ன வயதிலேயே முள்ளெலும்புகளை இணைத்துவிடலாமே என்றால், இணைத்த பகுதி அதோடு வளர்வதை நிறுத்திக்கொள்ளும். மார்பும் குட்டையாகவே நின்றுவிடும். பத்து வயதுக்கு முன் வரும் வளைவைப் பதின்ம வயது வளைவோடு சேர்த்துப் பேசக் கூடாது என்பதற்குக் காரணம் இது.

அதற்காக வளைவு என்றாலே மாவுக்கட்டுதான் என்று பயப்பட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு வரும் வளைவுகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். எது சரியாகும், எது கூடும் என்று பிரித்தறியும் வழியையும் மேத்தாவே 1972-ல் சொன்னார். வளைவின் உச்சியிலுள்ள முள்ளெலும்போடு இரு பக்க விலா எலும்புகளும் சேரும் கோணங்களை எக்ஸ்ரேயில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் போனால் வளைவு கூடும் வாய்ப்பு அதிகம். வளைவின் அளவுக்கு இன்னொரு கோணம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-ல் விவரித்த அந்தக் காப் கோணம் 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்ற பெயரே வரும். கையால் தடவிப் பார்த்து எவரும் இதைச் சொல்லிவிட முடியாது.

எக்ஸ்ரேயோடு நிறுத்தக் கூடாத குழந்தைகளும் உண்டு. மிகச் சிறு வயதில் 20 டிகிரியைத் தாண்டிய வளைவோடு வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூளைத் தண்டிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிகிறது. பிறவியிலேயே முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருந்தால் பிரேஸ் எனப்படும் உடல் கவசம் அந்த எலும்பைத் திருத்தாது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இவை எதுவும் தெரியாமல் பல வீடுகளில் முதலில் வாங்கப்படுவது பெல்ட். முதுகை நிமிர்த்தும் என்று சொல்லி இணையத்திலும் மருந்துக் கடைகளிலும் ஒரே அளவில் விற்கிறார்களே, அதுதான். தோள்களைப் பின்னுக்கு இழுப்பதற்கு மேல் அதற்கு வேலை தெரியாது. ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் சாய்வதோடு தன்னைத்தானே திருகிக்கொள்ளவும் செய்கிறது. அந்தத் திருகலைத் தோள்வார் தொடவே தொடாது. சின்னக் குழந்தையின் விலா எலும்புகள் மெத்தென்றவை. தவறான இடத்தில் இறுக்கினால் முதுகுத்தண்டு நகராது, விலாதான் உள்ளே அமுங்கும். உண்மையான பிரேஸ் அந்தக் குழந்தையின் உடம்பை அளவெடுத்துச் செய்யப்படுவது. வளைவு புடைக்கும் இடத்தில் உள்ளே திண்டு இருக்கும். எதிர்ப்பக்கம் உடம்பு நகர்வதற்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதை மாட்டிய நிலையிலேயே ஓர் எக்ஸ்ரே எடுத்து, எத்தனை டிகிரி குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் கொடுத்தனுப்பும் பிரேஸ் வேலை செய்கிறதா என்பது கொடுத்தவருக்கே தெரியாது.

நல்ல பிரேஸும் அலமாரியில் இருந்தால் பயனில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில் நடந்த பெரிய ஆய்வொன்று 2013-ல் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் 10 முதல் 15 வயது வரையிலான 242 பிள்ளைகள். வளைவு 20 முதல் 40 டிகிரி. எலும்பு முதிரும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாமல் தப்பியவர்கள் பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதம், அணியாதோரில் 48 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். பிரேஸுக்குள் வெப்ப உணரியைப் பதித்து, எத்தனை மணி நேரம் உடம்பில் இருந்தது என்றும் கணக்கெடுத்தார்கள். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தப்பினர். ஆறு மணி நேரம்வரை மட்டும் அணிந்தவர்களின் நிலை, பிரேஸே இல்லாதவர்களின் நிலையைவிட மேலாக இல்லை. வயது வேறாக இருந்தாலும் சின்னக் குழந்தையின் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது. உறவினர் வந்தால் கழற்றுவது, பள்ளிக்குப் போகும்போது கழற்றுவது, புழுக்கத்துக்குக் கழற்றுவது என்று மணிகள் கரைந்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கம் நிஜமான தொல்லைதான். உள்ளே தையல் முண்டு இல்லாத மெல்லிய பருத்தி பனியன் போட்டு, வியர்த்ததும் மாற்ற வேண்டும். பிரேஸ் படும் இடத்தில் பவுடரும் எண்ணெயும் வேண்டாம். பவுடர் வியர்வையில் திரளும், எண்ணெய் தோலை இளக்கிவிடும். கழற்றிய அரை மணிக்குள் மறையும் சிவப்பு இயல்பானது. மறையாத சிவப்போ கொப்புளமோ கண்டால் பிரேஸ் செய்தவரிடம் உடனே காட்டித் திருத்த வேண்டும்.

அடுத்தது பிசியோதெரபி. முதுகு வளைவுக்கென்றே உருவான பயிற்சிகளில் பெயர் பெற்றது ஷ்ராத் முறை. தமக்கே வளைவு இருந்த ஜெர்மானியப் பெண் காதரீனா ஷ்ராத் 1920-களில் மைசன் நகரில் அதைக் கற்பிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் தன் உடம்பைப் பார்த்து, உள்வாங்கிய பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி, அந்த நிலையில் நின்று பழக வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இது உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அந்த வயதில் பிசியோதெரபிக்கு வேறு பணி உண்டு. கட்டுக்குள் இருக்கும் உடம்பின் தசை சோராமல் காப்பது, கழுத்துச் சுளுக்கு இருந்தால் சரிசெய்வது, எழுந்து நடக்கத் தாமதமானால் கைகொடுப்பது. கூடிவரும் வளைவைப் பயிற்சியே நிறுத்திவிடும் என்று ஒருவர் உறுதி சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய் தடவி நீவுவதும் எலும்பைச் சொடுக்குவதும் வளைவை நேராக்கியதற்குச் சான்று இல்லை. தண்டுவடத்தில் கோளாறு ஒளிந்திருக்கும் குழந்தையின் கழுத்தையும் முதுகையும் முறுக்குவது ஆபத்தும்கூட.

முறையான சிகிச்சையிலும் கேட்டுத் தெளிய வேண்டியவை உண்டு. மாவுக்கட்டை வழக்கமாக முழு மயக்கத்தில் போடுகிறார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரம் அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் எச்சரித்தது. எத்தனை கட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயும் அப்படித்தான். 1965-க்கு முன் அமெரிக்காவில் முதுகு வளைவுக்காகச் சராசரியாக 25 முறை எக்ஸ்ரே எடுக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு மிகவும் குறைவு. என்றாலும் முதுகுப் பக்கமிருந்து கதிர் செலுத்தி எடுக்கச் சொல்வது உங்கள் உரிமை; மார்பில் படும் அளவு அதனால் இன்னும் குறையும்.

இந்த வாரம் குளிப்பாட்டும்போது ஒன்று செய்யுங்கள். நிற்கத் தெரிந்த குழந்தையைப் பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைக் குவித்தபடி முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் குழந்தைகளின் முதுகெலும்பைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கோணம் எத்தனை டிகிரி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து எந்தத் தேதியில் அளக்க வேண்டும் என்று கேட்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.