கூடாவுக்கும் கம்பைலருக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

''மாமா, உடனே வாங்க... என் வேலையே போயிடும் போலிருக்கு!''

2021-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மச்சினனிடமிருந்து போன். நான் பி.காம். சார். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு டாலியோடு சரி. ஆனாலும் பெண்டாட்டியின் தம்பி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

புரொபேஷனில் இருந்தான். திருகாணிகளைப் படம் பிடித்து, பழுதானதைப் பொறுக்கும் சாஃப்ட்வேர். திங்கட்கிழமை காலை டெமோ. அதற்கு ஓப்பன்சிவி லைப்ரரியை, கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும்படி சோர்ஸ் கோடிலிருந்து 'பில்ட்' பண்ணவேண்டும். திரையிலோ, 'ஜி.சி.சி. 8-க்கு மேல் உள்ளதை ஏற்க மாட்டேன்' என்று ஒரே எரர்!

பையன் என்ன செய்தான் தெரியுமா? அந்தச் சோதனை எழுதியிருந்த ஃபைலைத் திறந்து, அந்த வரியையே நீக்கிவிட்டான். இரண்டு மணி நேரம் சமர்த்தாக ஓடி, அப்புறம் தீபாவளிச் சரம் மாதிரி எரர்கள்.

''ஏண்டா, ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகலேன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல தள்ளுற கதையால்ல இருக்கு!'' என்றேன்.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஜி.சி.சி. என்ற கம்பைலர் 1987-ல் பிறந்தது. என்விடியாவின் 'கூடா' 2007-ல். இருபது வயசு வித்தியாசம்! கூடாவின் என்.வி.சி.சி. கம்பைலர், கிராஃபிக்ஸ் கார்டுக்கான பகுதியைத் தானே கவனித்துக்கொள்ளும். மீதியை ஜி.சி.சி.யிடம் தள்ளிவிடும். அதனால் ஜி.சி.சி.யின் ஹெடர் ஃபைல்களை அது படித்தாக வேண்டும். புது ஜி.சி.சி.யின் எழுத்து பழைய கூடாவுக்குப் புரியாது. அதனால்தான் அந்தத் தடை. மீறினால் பில்ட் ஆகாமல் நிற்கலாம். அதைவிட மோசம், பில்ட் ஆகிவிட்டுத் தப்பான விடை தரலாம்.

''ஆனா மாமா, என் கூடா 11.4. அது ஜி.சி.சி. 9-ஐ ஏத்துக்குமே!''

''வவுச்சர் காட்டு!''

'என்விடியா எஸ்.எம்.ஐ.' கட்டளையைக் காட்டினான். 11.4 என்றுதான் இருந்தது. ஆனால் அது டிரைவர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி! நிஜ பாக்கியைச் சொல்வது 'என்.வி.சி.சி. வெர்ஷன்' கட்டளை. அடித்துப் பார்த்தால்... 10.1! அது ஜி.சி.சி. 8 வரைதான் ஏற்கும். அவனுடைய உபுண்டு 20.04-ல் இருந்ததோ 9.

வைத்தியம் சுலபம். ஜி.சி.சி. 9-ஐ விரட்டவேண்டாம். பக்கத்திலேயே 8-ஐயும் குடிவைத்து, ஹோஸ்ட் கம்பைலர் என்ற இடத்தில் அதன் விலாசத்தை எழுதினால் போதும். அழித்த வரியைத் திரும்பப் போட்டான். பழைய பில்ட் ஃபோல்டரையும் அடியோடு நீக்கினான். சிமேக் பழசை ஞாபகம் வைத்துக்கொண்டு பழிவாங்குமாம்!

ஞாயிறு விடியும்போது நூறு சதவிகிதம். திங்களன்று நல்ல திருகாணி ஒன்றைக் கெட்டது என்று சொல்லிவிட்டதாம். ஆனாலும் வேலை நிலைத்தது.

ஆகவே, சோர்ஸிலிருந்து பில்ட் பண்ணும் நண்பர்களே! எரர் கொட்டினால் கடைசி வரியைப் பார்த்துக் கலங்காதீர்கள். முதல் எரரைப் படியுங்கள். டிரைவர், கூடா, கம்பைலர் மூன்றின் ஜாதகத்தையும் முதலிலேயே வாங்கிப் பாருங்கள். காவல்காரன் வாயைப் பொத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்தால் மனைவி சொல்கிறாள்: ''பார்த்தீங்களா, என் தம்பி ராத்திரி பூரா தனியா உட்கார்ந்து சாதிச்சுட்டான்!''