அமால்பியா, பூலியாவா? தெற்கு இத்தாலியின் இரு கடற்கரைகள்

இத்தாலி நாட்டின் வரைபடம் ஒரு பூட்ஸ் போல இருக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த பூட்ஸின் முன்பக்கம், நேப்பிள்ஸ் நகருக்குச் சற்றுத் தெற்கே இருப்பது அமால்பி கடற்கரை. குதிகால் முழுவதும் பூலியா மாநிலம். இரண்டுக்கும் நடுவே மலைத்தொடர்.

இந்த இரண்டில் எங்கே போவது என்பது ஒரு காலத்தில் லண்டன் சீமான்களின் கவலை. இன்று ஜெர்மனியிலோ ஹாலந்திலோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை, மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையை விசா எடுத்து அழைக்கிறான். ‘‘ஒரு வாரம் இத்தாலிக் கடற்கரைக்குப் போகலாம். அமால்பியா, பூலியாவா? நீங்களே சொல்லுங்கள்’’ என்று போனில் கேட்கிறான்.

அநேகமாக வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போகும் பயணம். படத்தைப் பார்த்து முடிவு செய்தால் எல்லோரும் அமால்பி என்றுதான் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படக் கூடாது. ஏனென்றால் படத்தில் படிக்கட்டுகள் சரியாகத் தெரிவதில்லை.

ரெயில் போகாத கரை

அமால்பி பகுதியில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அந்தச் சரிவில் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீடு என்று அடுக்கி வைத்தது போல ஊர்கள். பொசிட்டானோ, அமால்பி, மினோரி, மையோரி, செத்தாரா என்று வரிசையாக வரும். உலகப் புகழ் பெற்ற அமால்பி ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இது வெனிஸ் நகரைப் போலத் தனிக் குடியரசாக இருந்து, கடல் வாணிபத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர். 1997-ல் இந்தக் கடற்கரை முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

இத்தனை பெருமை இருந்தும் அமால்பிக்கும் பொசிட்டானோவுக்கும் ரெயில் கிடையாது. நேப்பிள்சில் இருந்து சிறிய ரெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து சொரெண்டோ போக வேண்டும். அல்லது பெரிய ரெயிலில் சலேர்னோ போக வேண்டும். இரண்டு பக்கத்தில் எங்கிருந்து கிளம்பினாலும் அப்புறம் பஸ்தான். கோடைக் காலத்தில் படகும் உண்டு.

கரையோரமாகச் செல்வது ஒரே ஒரு சாலை. 19-ம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து போட்டது. சுமார் 50 கிலோ மீட்டர். இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கி வழி விட வேண்டிய வளைவுகள் பல. கோடைக் கூட்டம் தாங்காமல் 2022-ல் வெளியூர் கார்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் விதி கொண்டுவந்தார்கள். 2016-ல் டில்லியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டில்லியில் காரணம் புகை. அங்கே காரணம் இடநெருக்கடி.

பஸ்சை விட்டு இறங்கிய பிறகுதான் படி ஆரம்பம். பொசிட்டானோவில் கடலுக்கு இறங்கவும் படி, ஓட்டலுக்கு ஏறவும் படி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருநூறு படி ஏறியவருக்கு, மேலே போய் நின்றவுடன் கடலைப் பார்க்கத் தோன்றாது. உட்கார இடம் பார்க்கத்தான் தோன்றும்.

எலுமிச்சைச் சுமை

ஆனாலும் அமால்பியை வெறும் பணக்காரர் ஊர் என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே பார்க்க வேண்டியது ஓட்டல்களை அல்ல, எலுமிச்சைத் தோட்டங்களை. செங்குத்தான மலையில் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதற்குள் மண் நிரப்பி, படிப்படியாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பல தலைமுறைகளின் உழைப்பு அது. செஸ்ட்நட் மரக் கம்புகளால் பந்தல் போட்டு, அதில் கொடி போலக் கிளைகளைப் படர விடுகிறார்கள். நம் எலுமிச்சையைப் போல உருண்டையாக இராது. நீண்டு, முனை கூர்ந்து இருக்கும்.

தோட்டத்துக்குள் வண்டி போக வழியில்லை. ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் படி இறங்குகிறார்கள். இந்த வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது. ஓட்டலில் தட்டு எடுத்தால் இதைவிடச் சம்பளம் கிடைக்கிறது. பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் சுவர் சரியும். சுவர் சரிந்தால் மலையும் நிலைத்து நிற்காது. இந்தச் சரிவுகளில் மழை என்ன செய்யும் என்பதை 1954 அக்டோபரில் பார்த்தார்கள். ஒரே இரவில் கொட்டிய மழையிலும் மண்சரிவிலும் சலேர்னோ, வியத்ரி, மையோரி பகுதியில் 300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

செத்தாரா மீனவர் ஊர். நெத்திலி வகை மீனை உப்புப் போட்டு மரத்தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து, மாதக்கணக்கில் ஊற விட்டு, சொட்டும் சாற்றைப் புட்டியில் பிடித்து விற்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனையில் வளர்ந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தண்டவாளத்தோடு கடல்

பூலியாவில் கதையே வேறு. பெரும்பகுதி சமதரை. தலைநகர் பாரியில் இருந்து லெச்சே வரை சுமார் 150 கிலோ மீட்டர், ரெயில் பாதையின் ஒரு பகுதி கடலை அடுத்தே செல்கிறது. பொலிஞானோவிலும் மொனோப்போலியிலும் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே கடலுக்குப் போய்விடலாம். பாரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு காலையில் ஒரு ஊர், மறுநாள் இன்னொரு ஊர் என்று ரெயிலிலேயே பார்த்துத் திரும்பலாம். சாதாரண ரெயிலில் கட்டணமும் அதிகம் இல்லை. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் தேதி குத்திக்கொள்ள வேண்டும். குத்தாவிட்டால் அபராதம்.

இங்கே ரெயில்காரர்கள் மறக்க முடியாத ஊர் ஒன்றும் இருக்கிறது. பாரிக்கு வடமேற்கே அந்த்ரியாவுக்கும் கொராத்தோவுக்கும் இடையே ஒற்றைத் தடத்தில் 2016 ஜூலை 12-ந் தேதி இரண்டு பயணி ரெயில்கள் நேருக்கு நேர் மோதி 23 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவிலும் அந்தத் தடத்தில் அப்போது டெலிபோன் பேசித்தான் ‘லைன் கிளியர்’ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பூலியாவின் தின்பண்டம் ஏழை வீட்டுத் தின்பண்டம். காய்ந்த மொச்சை வகைப் பயறை வேக வைத்துக் கடைந்து, கசப்புக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. பாரியின் பழைய பேட்டையில் பெண்கள் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, மாவைக் கட்டை விரலால் அழுத்திக் காது மடல் போலச் செய்து காய வைக்கிறார்கள். அதன் பெயரே ‘சின்னக் காது’ என்பதுதான்.

அல்பெரோபெல்லோவில் கூம்புக் கூரை வீடுகள். இங்கும் சாந்து கிடையாது, வெறும் கல். அரசனின் ஆள் வரி வசூலிக்க வந்தால் கூரையைப் பிரித்துப் போட்டு ‘வீடே இல்லை’ என்று சொல்வதற்காக இப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள்.

பிரிண்டிசி துறைமுகம் பம்பாய்க்காரர்களுக்குப் பழைய உறவு. 1870-ல் தொடங்கி முதல் உலகப் போர் வரை, லண்டனில் இருந்து இந்தியாவுக்கு வரும் தபால் மூட்டைகள் ரெயிலில் பிரிண்டிசிக்கு வந்து, அங்கே கப்பல் ஏறின. வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பிய காந்திஜி 1931 டிசம்பர் 14-ந் தேதி ‘பில்ஸ்னா’ கப்பலில் ஏறியதும் இங்கிருந்துதான். டிசம்பர் 28-ந் தேதி பம்பாயில் இறங்கினார்.

பூலியாவுக்கும் ஒரு சோகம் உண்டு. 2013-ல் காலிப்போலி அருகே ஆலிவ் மரங்கள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. ஒரு சிறு பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் என்று கண்டுபிடித்தார்கள். பல நூற்றாண்டு வயதான மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. லெச்சேக்குத் தெற்கே ரெயிலில் போனால் சாம்பல் நிறத்தில் எலும்புக்கூடுகள் போல நிற்கும் தோப்புகளை ஜன்னலில் பார்க்கலாம். நோயைத் தாங்கும் புதிய கன்றுகளும் ஆங்காங்கே நடப்பட்டிருக்கின்றன. உல்லாசப் பயணப் புத்தகங்களில் இந்தப் படத்தைப் போடுவதில்லை.

ஆகஸ்டில் போகாதீர்கள்

எந்தக் கரைக்குப் போனாலும் ஆகஸ்டு மாதம் வேண்டாம். ஆகஸ்டு 15 இத்தாலியிலும் விடுமுறை. நாடே கடற்கரையில் இருக்கும். 1950, 60-களில் தெற்கில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புக்காக டூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கு ரெயில் ஏறினார்கள். ‘தெற்கத்தியாருக்கு வீடு வாடகைக்கு இல்லை’ என்று அங்கே போர்டு மாட்டி வைத்தார்கள். அதே காலத்தில் பம்பாய்க்கு வந்து இறங்கிய தமிழர்களுக்கு அந்த போர்டின் பாஷை புரியும். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ஆகஸ்டில் சொந்த ஊருக்கு வருகிறார்கள். பொங்கல் சமயத்தில் திருநெல்வேலி ரெயிலில் இடம் தேடுவது போலத்தான்.

இன்னொரு விஷயம். மெரினாவிலும் ஜூஹுவிலும் மணலில் உட்கார யாரும் காசு கேட்பதில்லை. இத்தாலியில் கரையின் பல பகுதிகளைக் குடை, சாய்வு நாற்காலி போட்டுத் தனியார் வாடகைக்கு விடுகிறார்கள். இலவசக் கரையும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அமால்பி பக்கம் மணலே குறைவு, கூழாங்கல்தான் அதிகம். பூலியாவின் தெற்குக் கோடியில் வெள்ளை மணல் நீண்டு கிடக்கிறது.

ஆகவே வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போவதானால், கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களானால், பூலியாதான். மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. புதிதாகக் கல்யாணமானவர்கள் அமால்பிக்குப் போகட்டும். அவர்களுக்குப் படி ஒரு பொருட்டல்ல.

அமால்பியைப் பார்க்காமல் திரும்ப மனம் வராதவர்கள் சலேர்னோவில் தங்குவது உத்தமம். அங்கே ஸ்டேஷன் இருக்கிறது, விலை குறைவு, பகலில் படகில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நேப்பிள்ஸ் வழியாக வருகிறவர்கள் அரைநாள் ஒதுக்கி, போர்ட்டிச்சி பாதையில் உள்ள பியெத்ரார்சா ரெயில்வே மியூசியத்தையும் பார்க்கலாம். இத்தாலியின் முதல் ரெயில் 1839-ல் நேப்பிள்சில் இருந்து போர்ட்டிச்சிக்குத்தான் ஓடியது. பம்பாய் - தாணா ரெயிலுக்குப் பதினாலு வருடம் மூத்தது.

நேப்பிள்சில் இருந்து பாரிக்குப் போக இப்போது சுமார் நாலு மணி நேரம் ஆகிறது. பல ரெயில்களுக்குக் காசெர்த்தாவில் மாற வேண்டியிருக்கும். மலையைக் குடைந்து புதிய பாதை போட்டு வருகிறார்கள். அது முடிந்தால் இரண்டு மணி நேரத்தில் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்று சொல்கிறார்கள்.