மெழுகுதிரியும் மாணவரும்: விஞ்ஞானம் கற்பித்தல் குறித்து ஒரு நோக்கு

விஞ்ஞானக் கல்வி பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் ஆய்வுகூட வசதியின்மை, உபகரணப் பற்றாக்குறை, பாடவிதானச் சுமை என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை உண்மையான குறைபாடுகளே. எனினும், இவையனைத்தும் நிவர்த்தி செய்யப்பட்ட பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கும். மாணவர் பரிசோதனையிலிருந்து முடிவைப் பெறுகின்றனரா, அன்றி முன்னரே மனனஞ் செய்த முடிவுக்குப் பரிசோதனையை அலங்காரமாக்குகின்றனரா? இவ்வினாவை, எவ்வீட்டிலும் கிடைக்கக்கூடிய ஒரு மெழுகுதிரியைக் கொண்டே இக்கட்டுரை ஆராய முனைகின்றது.

மெழுகுதிரியைத் தேர்ந்தமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் இளையோருக்கான நத்தார்காலச் சொற்பொழிவுகள் 1825 இல் ஆரம்பமாயின. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அந்நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து உயர்ந்த மைக்கல் பரடே, 1827 முதல் 1860 வரையான காலப்பகுதியில் பத்தொன்பது தொடர்களை அங்கு நிகழ்த்தினார். மெழுகுதிரியின் இரசாயன வரலாறு பற்றி அவர் இறுதியாக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 1861 இல் நூலுருப் பெற்றன. வரைவிலக்கணத்தில் தொடங்கி உதாரணத்தில் முடிப்பது நமது பாடநூல்களின் வழக்கம். பரடேயோ கண்ணெதிரே எரியும் பொருளில் தொடங்கி, வினாக்களின் வழியே விதியை நோக்கிச் சென்றார்.

அவ்வழி எல்லா வயதினருக்கும் பொருந்தும். ஆரம்ப வகுப்புச் சிறார்களிடம் எரிவது திரியா, மெழுகா என்று கேட்கலாம். பலர் திரியென்றே கூறுவர். அப்போது திரியை அணைத்து, உடனே எழும் வெண்புகையருகே தீக்குச்சியைக் காட்டினால், சுவாலை புகைவழியே தாவித் திரியைப் பற்றும். ஆவியாகும் மெழுகே எரிகின்றது என்பதை ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை. சிறார்களே கண்டு சொல்வர். இடைநிலை வகுப்பினர் குளிர்ந்த பாத்திரமொன்றைச் சுவாலையின்மேற் சிறிது உயரத்திற் பிடித்து, அதிற் படியும் நீர்த்துளிகளை அவதானிக்கலாம். மெழுகுதிரி எரிந்த போத்தலினுள் சுண்ணாம்பு நீரையிட்டுக் குலுக்கினால் அது பால்நிறமடையும். தமது மூச்சைக் குழாய்வழியே ஊதினும் அவ்வாறே நிகழக் காணும் மாணவர், எரிதலுக்கும் சுவாசித்தலுக்கும் உள்ள உறவை வினவத் தொடங்குவர்.

ஆயினும், பரிசோதனை செய்துகாட்டுவதனால் மாத்திரம் விஞ்ஞானமனப்பாங்கு வளர்ந்துவிடும் எனக் கொள்வது தவறு. நீருள்ள தட்டொன்றில் மெழுகுதிரியை நிறுத்தி, அதன்மேற் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் பரிசோதனையை நம்மிற் பலர் அறிவோம். சுவாலை அணைகின்றது, குவளையினுள் நீர் ஏறுகின்றது. “ஒட்சிசன் முழுவதும் செலவாயிற்று, அது வளியின் ஐந்திலொரு பங்காதலால், நீர் ஐந்திலொரு பங்கு ஏறியது” என்னும் விளக்கம் தலைமுறை தலைமுறையாக ஒப்புவிக்கப்பட்டு வருகின்றது. கண்முன்னே நிகழ்ந்த பரிசோதனையே பிழையான முடிவுக்குச் சாட்சியாக்கப்படுவதை இங்கு காண்கின்றோம்.

இதனை மறுப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அதே குவளையினுள் மூன்று மெழுகுதிரிகளை வைத்துப் பார்த்தாற் போதும். குவளையிலுள்ள ஒட்சிசனின் அளவு மாறவில்லை. ஆனால் நீரோ முன்னரிலும் உயரமாக ஏறுகின்றது. மேலும், சுவாலை அணைந்த பின்னரே நீர் பெரும்பாலும் விரைந்தேறுவதையும், குவளையைக் கவிழ்க்கும்போது சில குமிழிகள் வெளியேறுவதையும் கூர்ந்து நோக்கும் மாணவர் காண்பர். சூடேறி விரிந்த வளியின் ஒரு பகுதி வெளியேற, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணமாகும். ஒட்சிசன் முற்றாகத் தீருமுன்னரே சுவாலை அணைந்துவிடுகின்றது.

உயர்தர மாணவர் இதனைக் கணித்தும் பார்க்கலாம். மெழுகின் மூலக்கூறொன்றில் 25 காபன் அணுக்களும் 52 ஐதரசன் அணுக்களும் உள்ளனவெனக் கொள்வோம். அது முற்றாக எரிவதற்கு 38 ஒட்சிசன் மூலக்கூறுகள் தேவை. 25 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும் தோன்றும். நீராவி ஒடுங்கிவிட்டதெனக் கொள்ளினும், செலவான ஒட்சிசனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்களவே கனவளவு குறையும். எனவே, ஒட்சிசன் முழுவதும் செலவானாற்கூட வளியின் குறைவு நூற்றுக்கு ஏழளவே, இருபதன்று. இவ்வாறு ஒரே மெழுகுதிரி, சிறாருக்கு வியப்பையும் வளர்ந்தோருக்குக் கணிப்பையும் எல்லோருக்கும் ஐயுறும் துணிவையும் அளிக்கின்றது.

இத்தகைய கல்வி வசதிபடைத்த பாடசாலைகளுக்கே உரியதென்னும் வாதத்திற்கு, இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹொசங்காபாத் மாவட்டம் தக்க மறுப்பை அளித்தது. அங்கு 1972 இல் பதினாறு கிராமப்புறப் பள்ளிகளில் விஞ்ஞானக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பெற்று, 1978 இல் மாவட்டம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எளிய பொருள்களைக் கொண்டு மாணவரே பரிசோதனைகளைச் செய்தனர்; ஆசிரியரும் பயிற்சியின்போது அவற்றைத் தாமே செய்து பழகினர். பரீட்சையில் நூலைத் திறந்து பார்க்க அனுமதி இருந்தது, செய்முறைக்கும் மதிப்பளிக்கப்பட்டது. நினைவாற்றலன்று, சிந்தனையே சோதிக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. முப்பதாண்டுகள் நடைபெற்ற இத்திட்டத்தை 2002 இல் மாநில அரசு நிறுத்தியது. வினாவெழுப்பும் கல்வி, நிர்வாகத்தின் ஆதரவு இல்லாவிடத்து எத்துணை எளிதிற் கைவிடப்படும் என்பதற்கும் அதுவே சான்றாயிற்று.

நமது நிலையிலும் முதலில் மாறவேண்டியது பரீட்சை வினாவாகும். “நீர் ஏன் ஏறுகின்றது?” என்னும் வினாவுக்கு மனனஞ் செய்த விடையே புள்ளி பெறுமாயின், மூன்று மெழுகுதிரிகளை வைத்துப் பார்க்கும் மாணவர் தண்டிக்கப்படுபவராவர். “உமது விளக்கத்தை எவ்வாறு சோதிப்பீர்?” எனக் கேட்கப்படுமாயின், வகுப்பறை தானாகவே மாறும். அடுத்து மாறவேண்டியது ஆசிரியர் நிலை. “எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்” என ஆசிரியர் மாணவர்முன் கூறுவது அவர் மதிப்பைக் குறைக்காது. அதிகாரத்தின் சொல்லைவிடச் சான்றின் சொல் பெரிதென்பதை மாணவர் முதன்முதலாக அறியும் இடம் அதுவே. அவ்வறிவு வகுப்பறைக்கு வெளியிலும் அவர்களுக்குத் துணைநிற்கும்.