சங்கின் பெயர் வழக்கு

வங்கப் பெண்டிர் மணமானபின் அணியும் வெள்ளை வளையல்கள், தொன்றுதொட்டு நம் தூத்துக்குடிக் கடற்சங்கை அறுத்துச் செய்யப்பட்டவை. அச்சங்குக்கு விலங்கியலார் இட்ட பெயரைத் தேடினால்தான் என் போன்ற மாணவர்க்குக் குழப்பம். ஒரு நூல் ‘சாங்கஸ் பைரம்’ என்கிறது. மற்றொன்று ‘டர்பினெல்லா பைரம்’ என்கிறது. இரண்டும் ஒரே உயிர்தான்.

1767-இல் லின்னேயஸ் இதற்கு ‘வொலூட்டா பைரம்’ என்று பெயரிட்டார். பைரம் என்பது பேரிக்காய். வடிவம் கருதிய பெயர். சங்கின் வாயினுள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் உண்டு. இத்தகைய மடிப்புடைய நத்தைகள் பலவற்றையும் அவர் வொலூட்டா என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டார். மடிப்பு ஒன்றே உறவுக்குச் சான்றாகுமா? பின்வந்தோர் பிரித்தனர். 1799-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் சங்கினத்துக்கு டர்பினெல்லா, அதாவது ‘சிறு பம்பரம்’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 1798-இல், ஜெர்மனியில் வேறொரு பெயர் அச்சேறியிருந்தது. ஹாம்பர்க் நகர மருத்துவர் போல்ட்டன் காலமான பின், அவர் சேர்த்த சிப்பி, சங்குகளை விற்பதற்காக ரோடிங் என்பவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் இருக்கிறது ‘சாங்கஸ்’. நம் சங்கேதான், இலத்தீன் உடுப்பு மாட்டிக்கொண்டு!

முந்திய பெயருக்கே உரிமை என்பது பெயரிடல் விதி. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் பலர் சாங்கஸ் என்றே எழுதினர். முடிவில் 1957-இல், விலங்குப் பெயரிடலுக்கான அனைத்துலக ஆணையம் தன் தனி அதிகாரத்தால் சாங்கஸை நீக்கி, நெடுங்காலம் வழங்கிவந்த டர்பினெல்லாவை நிலைநிறுத்தியது. நம் சொல் தோற்றதில் எனக்கு வருத்தமே. எனினும் தீர்ப்பு சரியென்பேன். 1914-இல் ஹார்னல் சங்கைப் பற்றி எழுதிய பெருநூலிலும் டர்பினெல்லாதான். பழைய நூலையும் புதிய நூலையும் இணைப்பது பெயர். அது அறுந்தால் தேடுபவன் தவிப்பான்.

வலம்புரி தனி இனமன்று. புரி மாறிய அரிய சங்கு, அவ்வளவே. வேடிக்கை என்னவெனில், நாம் வலம்புரி என்பதை விலங்கியலார் இடச்சுருள் என்பர். அவர்கள் சுருள்முனையை மேலாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். நாம் கீழாகப் பிடிக்கிறோம்.

அமெரிக்கக் கடலில் இயல்பாகவே இடச்சுருளாக வளரும் வேறொரு நத்தையை வலம்புரி என்று விற்பவர் உளர். வாங்குமுன் வாயினுள்ளே பாருங்கள். லின்னேயஸ் கண்ட அந்த மடிப்பு வரிசை அதில் இராது.