ஏரோதுவுக்காக ஒரு வழக்கு
காகிதங்களில் வாழ்ந்தவர்கள் – 9

ஹைத்தியில் 1936-ல், ஏழே வாரங்களில் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஒரு நாவலை எழுதி முடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மறு வருடம் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' வெளிவந்தது. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் அந்த நாவலைக் கடுமையாகச் சாடியவர் ரிச்சர்ட் ரைட். அவரும் கறுப்பின எழுத்தாளர்தான். தன் மக்களின் பேச்சையும் சிரிப்பையும் காட்டி வெள்ளை வாசகர்களைக் களிப்பூட்டுகிறார் ஸோரா என்றார் அவர்.

அதைவிடப் பெரிய புயல் 1955-ல் வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டு தீர்ப்பளித்திருந்தது. அதை எதிர்த்து ஆர்லாண்டோ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார் ஸோரா. வெள்ளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கறுப்புப் பிள்ளை முன்னேறும் என்பது தன் இனத்துக்கே அவமானம் என்பது அவர் வாதம். அரசுப் பணம் எந்தப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர் சரியாக எடைபோடவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது வெள்ளையரைக் குளிர்விக்கச் சொன்ன சொல் இல்லை. கறுப்பின மக்களே நிர்வகித்த ஈட்டன்வில் ஊரில் வளர்ந்தவர் அவர். அவருடைய அப்பா அந்த ஊரின் மேயராக இருந்தவர்.

பழி அவருக்குப் புதிதும் அல்ல. 1948-ல் நியூயார்க்கில் ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவர்மீது பொய்ப் புகார் வந்தது. அந்தச் சமயத்தில் அவர் ஹோண்டுராஸில் இருந்ததைப் பாஸ்போர்ட் காட்டியது, வழக்கு தள்ளுபடியானது. அதற்குள் ஒரு கறுப்பினப் பத்திரிகையே செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்கு உடைந்துபோனார்.

கடைசி ஆண்டுகளில் அவர் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் தெரியுமா? ஏரோது மன்னனைப் பற்றி! பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன் என்று மத்தேயு நற்செய்தி சொல்லும் அதே ஏரோது. அவன்மீது சுமத்தப்பட்டது பொய்ப் பழி, அவன் திறமையான அரசன் என்று நிறுவ அத்தனை பாடுபட்டார். 1955-ல் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பியது. விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். பொய்ப் பழியின் வலி தெரிந்த ஒருவரால்தான் இந்தப் பிடிவாதம் முடியும்.

1960 ஜனவரி 28-ல், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில், ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார். அடக்கச் செலவுக்கு ஊரார் பணம் திரட்டினார்கள். கல்லறைக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. பின்னர், அவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, காகிதங்களை வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். அந்த வழியாக வந்த பேட்ரிக் டுவால் என்ற காவல் அதிகாரி அவரை அறிந்தவர். புகையைக் கண்டு இறங்கி ஓடி, தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார். ஓரம் கருகிய அந்தத் தாள்கள்தான் கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இன்று இருப்பவை. ஏரோது நாவலும் அவற்றில் ஒன்று. 2025-ல்தான் அது புத்தகமானது.

தீயின் பக்கமே போகாத இன்னொரு கைப்பிரதி, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து 2018-ல் வெளிவந்தது. கடைசி அடிமைக் கப்பலில் வந்த ஒருவரின் வாக்குமூலம் அது. ஏன் அத்தனை தாமதம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)