உறுதியைத் தேடுங்கள், பிறகு விலை பேசுங்கள்



1990 அக்டோபர் 30ஆம் நாளை யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம் எதுவும் மறக்காது. சோனகத் தெருவினரை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். காணி உறுதியைத் தேடி எடுக்கவும் அவகாசமில்லாமல் கிளம்பியவர்கள் பலர். 2002இல் ஏ9 பாதை திறந்து புத்தளத்திலிருந்து போய்ப் பார்த்தபோது, கூரையில்லாத சுவர்கள்தான் வரவேற்றன.

அந்த மண்ணை இனி விற்றுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அது உங்கள் விருப்பம். தரகரில்லாமல் விற்றால் தரகுப் பணம் மிச்சம்தான். ஆனால் தரகர் செய்யும் வேலை மிச்சமாகாது. அது உங்கள் தலையில் வந்து விழும்.

முதல் வேலை உறுதி. அது தொலைந்திருந்தால் கலங்காதீர்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதியின் இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஒன்றாவது உம்மாவுக்கோ மாமாவுக்கோ நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது பங்கு. காணி வாப்பாவின் பெயரில் இருந்து அவர் மவுத்தாகியிருந்தால், அது உங்கள் நானாவுக்கு மட்டும் உரியதல்ல. உம்மாவுக்கும், ராத்தாவுக்கும், உங்களுக்கும் பங்குண்டு. எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கொழும்பில், ஒருவர் வெளிநாட்டில் என்று சிதறியிருப்பதுதான் நம் குடும்பங்களின் பெரிய சங்கடம். இதைச் சாக்கிட்டு, "எனக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதித் தாருங்கள், எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால் நம்பிக்கையான உறவினருக்கு, அந்த ஒரு காணிக்கு மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று, யாழ்ப்பாணக் காணிக்குத் தேசவழமைச் சட்டத்தின் முன்கொள்வனவு உரிமை உண்டு. கூட்டுப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முறைப்படி அறிவிக்காமல் அந்நியருக்கு விற்றால், வழக்கு உங்களைத் தேடி வரும்.

காணியில் வேறு யாராவது குடியிருந்தால் விலை பேசுமுன் சட்டத்தரணியைப் பாருங்கள். பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். போரால் தடைப்பட்டவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவரிடம் கேளுங்கள்.

விலையை வாங்க வருபவரிடம் கேட்காதீர்கள்! அதே தெருவில் விற்றவர், வாங்கியவர் என நாலு பேரிடம் பரப்புக் கணக்கில் விசாரியுங்கள். நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து வரைபடம் எடுங்கள். வேலி நகர்ந்திருக்கக் கூடும்.

வெள்ளைத் தாளில் எழுதி முற்பணம் வாங்குவது ஒப்பந்தமாகாது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்று சொன்ன மார்க்கம் நம்முடையதல்லவா?

விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் முடிவாக இருக்கட்டும், சகோதரியே. அன்று இரண்டு மணி நேரத்தில் வீட்டை விட்டு வரச் செய்தார்கள். இன்று விற்பதற்கு யாரும் உங்களுக்குக் கெடு வைக்கவில்லை.